கற்பனைப் பட போஸ்டர்: கையால் வரைவதா, போட்டோஷாப்பா?

வகுப்புக்கு, கற்பனையான ஒரு சினிமாவுக்கு ஏ3 அளவில் போஸ்டர் கேட்டிருக்கிறார்கள். எதில் இறங்குவது?

செலவு: கையால் என்றால் சார்ட், போஸ்டர் கலர், பிரஷ் போதும். போட்டோஷாப்புக்குச் சந்தா உண்டு; கல்லூரி லேப் இருந்தால் கவலையில்லை.

திருத்தம்: தாளில் வண்ணம் சிந்தினால் மறுபடி முதலிலிருந்துதான். கணினியில் லேயரை (படத்தின் அந்த ஓர் அடுக்கை) மாற்றினால் சரி. ஆனால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), 3508 × 4961 பிக்சலில் தொடங்குங்கள். சின்னதாகத் தொடங்கிப் பெரிதாக்கினால் அச்சில் மங்கும்.

தலைப்பு: போஸ்டரின் உயிரே இதுதான். பேய்ப் படத்துக்கு ரத்தம் வழியும் ‘ழ’வைக் கை தருவதுபோல் எந்த எழுத்துருவும் தராது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ‘கொ’, ‘பெ’ சிலசமயம் உடைந்து வரும். அவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புகைப்பட முகங்களோடு த்ரில்லரா? போட்டோஷாப். பேய், புராணம், கிராமத்துக் கதையா? கையால் வரையுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் தலைப்பை மட்டும் கையால் எழுதி, ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் சேர்த்துவிடுங்கள்.