தாய் சி பிறந்த ஊரில் பயிற்சி: சென்ஜியாகோ பள்ளி ஒன்றைப் பற்றிய மதிப்புரை

சீனாவின் ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே வென் மாவட்டத்தில் இருக்கும் சென்ஜியாகோ கிராமத்துக்குத் தாய் சி என்னும் சீனத் தற்காப்புக் கலையைக் கற்கப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதேனும் ஓர் அசைவுத் தொடரை முன்பே பழகியவர் என்றால் தயங்காமல் போகலாம். இப்போதுதான் தொடங்குகிறவர் தம் ஊரிலேயே அடிப்படையைக் கற்றுக்கொண்டு பிறகு போவதே நல்லது. அங்கே கிடைப்பது புதிய பாடமன்று, நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதன் திருத்தம்.

நான் பயின்ற பள்ளியில் காலை வேளை நிற்பதிலேயே கழியும். முழங்கால்களைச் சற்று மடித்து, கைகளை மார்புக்கு முன் வளைத்து, அசையாமல் நிற்க வேண்டும். அதன்பின் பட்டுநூல் சுற்றுதல் என்று பெயர் பெற்ற சுழற்சிப் பயிற்சி. அதற்குப் பிறகே, இவ்வூர்ச் சென் குடும்பத்தாரின் வழியான சென் மரபின் பழைய சட்டகமான 'லாவ்ஜியா'வின் முதல் தொடரைத் தொடங்குவார்கள். அந்தத் தொடரின் தொடக்கத்திலேயே, வலக்கையைத் தோளளவில் வலப்புறம் நீட்டி, இடக்கையை இடுப்பில் வைத்து, உடல் எடையை வலக்காலில் இறக்கி நிற்கும் நிலை ஒன்று வருகிறது. நான் சரியாக நிற்பதாகத்தான் எண்ணியிருந்தேன். ஆசிரியர் ஒன்றும் பேசாமல், தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் இரண்டு விரல்களை வைத்து உள்ளே அழுத்தி, மறுகையால் என் முதுகின் அடிப்பகுதியைக் கீழ்நோக்கி இறக்கினார். அதுவரை முழங்கால் தாங்கிய எடை முழுவதும் தொடைக்கு மாறியது. சில நொடிகளிலேயே கால் நடுங்கத் தொடங்கியது. உள்ளங்காலில் எழும் விசை இடுப்பு வழியாகத் திரும்பி விரல் நுனிவரை முறுகிச் செல்ல வேண்டும் என்ற கோட்பாட்டை நூல்களில் எத்தனை முறை படித்தாலும், இந்த ஒரு திருத்தம் தந்த தெளிவு அவற்றில் கிடைக்காது. இந்தப் பள்ளிக்குச் செலவிடும் பணம் முழுவதும் இதற்கே தகும் என்பது என் கருத்து.

தாய் சி என்றாலே மெதுவான அசைவு என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த மரபு வியப்பளிக்கும். வச்சிர வீரன் உரலில் குத்துதல் என்னும் அசைவில் வலக்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதிக்கிறார்கள். பீரங்கி முஷ்டி எனப்படும் இரண்டாம் தொடரில் குதித்தலும் வெடித்தெழும் குத்துகளும் நிறைந்திருக்கின்றன. தளர்வும் இறுக்கமும், மெதுவும் வேகமும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்ற யின்-யாங் சிந்தனை இங்கே உடலால் கற்பிக்கப்படுகிறது. மாலையில் நடக்கும் தள்ளுகைப் பயிற்சியில், எதிராளியின் விசையை எதிர்க்காமல் தொட்டபடியே பின்தொடர்ந்து, அது தீரும் இடத்தில் அவர் நிலையைக் குலைப்பது எப்படி என்று காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. காலை ஓங்கி மிதிக்கும் பயிற்சியைச் சிமெண்டு முற்றத்தில் செய்யவைப்பது முழங்காலுக்கு நல்லதன்று. மண் தரை கிராமத்தில் இருக்கும்போது அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று புரியவில்லை. கூட்டம் மிகும் நாட்களில் மூத்த ஆசிரியர் வருவதில்லை, இளம் உதவியாளர்களே வகுப்பை நடத்துகிறார்கள். சைவ உணவு கேட்டால் வேகவைத்த ரொட்டியும் காய்கறியும் கிடைக்கும். வென் மாவட்டத்துக்கே பேர்பெற்ற மெல்லிய நீண்ட வள்ளிக்கிழங்கை ஆவியில் வேகவைத்துத் தருகிறார்கள், அதைத் தவறவிடக் கூடாது.

பள்ளியில் வரலாறு சொல்லப்படும் விதத்தில் எனக்கு மனநிறைவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங் இக்கலையை உருவாக்கினார் என்பதை ஐயத்துக்கு இடமே இல்லாத செய்தியாகக் கற்பிக்கிறார்கள். அதற்கு வலுவான ஆதாரம் உண்டு: மிங் அரச மரபுக் காலத் தளபதி சி ஜிகுவாங் தொகுத்த 32 போர் நிலைகளில் 29 சென் குடும்பத் தொடர்களில் இருப்பதை 1930களில் ஆய்வாளர் தாங் ஹாவ் எடுத்துக்காட்டினார். ஆயினும் வூதாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங்கை மூலவராகக் கொள்ளும் மரபும், பக்கத்து ஊரான சாவோபாவோ தனக்கென வைத்திருக்கும் வரலாறும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றையும் சொல்லிவிட்டுத் தம் தரப்பை நிறுவினால் மாணவரிடையே பள்ளியின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. ஐயத்துக்கு இடமில்லாத பகுதியை விரிவாகச் சொல்லியிருக்கலாம். ஹெபெய் மாகாணத்திலிருந்து வந்த யாங் லூசான் (1799–1872) இவ்வூரில் சென் குடும்ப ஆசிரியரான சென் சாங்சிங்கிடம் கற்றுப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனதால்தான் தாய் சியின் மற்றொரு கிளையான யாங் மரபு தோன்றியது. அவர் கற்ற இடத்தை இன்றும் காணலாம். 1928இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த சென் ஃபாக்கே பெய்ஜிங்கில் கற்பிக்கத் தொடங்கிய பின்பே சென் மரபு வெளியுலகில் பரவியது. 2020இல் யுனெஸ்கோ இக்கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஜெங்ஜோ நகரிலிருந்து காரில் போவது எளிது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வெக்கையும் மழையும், ஜனவரியின் உறைகுளிரும் முற்றத்துப் பயிற்சிக்கு ஒத்துவராது. ஏப்ரலோ அக்டோபரோ உகந்தது. பணம் கட்டுவதற்கு முன், நாள்தோறும் கைதொட்டுத் திருத்தப்போகிறவர் யார், ஒரு குழுவில் எத்தனை பேர் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.