நுரையீரல் புற்று: ஜீன் சோதனைக்குச் சதை எடுக்க எந்த வழி?

"சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியாச்சு" என்பார்கள் நோயாளியின் வீட்டார். அந்தச் சதை எங்கள் லேபுக்கு வரும்போது ஃபார்மலின் பாட்டிலின் அடியில் வெள்ளை நூல்துண்டு மாதிரி இரண்டு கிடக்கும். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர், தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

முன்பெல்லாம் அதனிடம் கேட்டது ஒன்றுதான்: புற்றா, இல்லையா? 2004-இல் ஈஜிஎஃப்ஆர் ஜீன் மாற்றம் தெரியவந்த பிறகு கேள்விகள் பெருகிவிட்டன. இன்று அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றின் ஒரு வகை) என்றால் ஏஎல்கே, ராஸ்-1, பிராஃப், மெட், ரெட் என்று ஜீன்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். கீமோவா, தினசரி மாத்திரையா என்பது பெரும்பாலும் அந்த ரிப்போர்ட்டைப் பொறுத்தது.

ஆபரேஷனில் கட்டியையே எடுத்தால் சதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நோய் பரவிய பிறகுதான் வருகிறார்கள். ஜீன் பார்ப்பதற்காக மட்டும் அவர்கள் மார்பைத் திறக்க முடியாது. ஆகவே போட்டி இரண்டு ஊசிகளுக்கும் ஒரு ரத்தச் சோதனைக்கும் இடையில்தான்.

கட்டி நுரையீரலின் ஓரத்தில் இருந்தால் சி.டி. ஸ்கேன் பார்த்தபடி வெளியிலிருந்து குத்துவது சுலபம். 18 அல்லது 20 கேஜ் ஊசி. எண் கூடக் கூட ஊசி மெலியும். திசுவின் அமைப்பு கலையாமல் துண்டாக வரும், எங்களுக்கு வேலை எளிது. வில்லங்கம் நோயாளிக்கு. நாலைந்து பேரில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிடும். பெரும்பாலும் தானே வற்றிவிடும், சிலருக்கு டியூப் போட வேண்டியிருக்கும். வருடக்கணக்கில் பீடி புகைத்து நுரையீரல் நைந்துபோனவருக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம்.

ஈபஸ் வேறு வழி. மூச்சுக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் முனையுள்ள குழாயை இறக்கி, நடுமார்பு நெறிக்கட்டியை 21 அல்லது 22 கேஜ் ஊசியால் உறிஞ்சுவார்கள். காற்று சேர்வது அபூர்வம். நோய் எந்தக் கட்டம் என்பதும் அதே தடவையில் தெரிந்துவிடும். வருவது ரத்தத்தில் மிதக்கும் செல்கள் என்பதால் "இதில் ஜீன் பார்க்க முடியாது" என்று ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2018-இல் அமெரிக்க நோயியல் கல்லூரியும் கூட்டு அமைப்புகளும் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றியது: செல் பிளாக் (செல்களைத் திரட்டி மெழுகில் பதித்தது) மட்டுமல்ல, செல்கள் போதுமான அளவில் கெடாமல் இருந்தால் ஸ்லைடில் தேய்த்த ஸ்மியரும் ஆகும். ஃபார்மலின் படாத ஸ்மியரில் டிஎன்ஏ இன்னும் நன்றாகவே இருக்கும். குத்தும் அறையிலேயே ஒருவர் மைக்ரோஸ்கோப்போடு உட்கார்ந்து, "இது வெறும் லிம்ஃபோசைட் சார், புற்றுசெல் இல்லை, இன்னொரு தடவை குத்துங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எந்த ஊசியில் எடுத்தாலும் அதிகம் பாழாவது லேபில். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஈபஸ் பிளாக் நினைவிருக்கிறது. புற்றின் வகையைக் காட்டும் சாயச் சோதனைகளான டிடிஎஃப்-1, பி40 இரண்டே போதுமான இடத்தில் அப்படிப் பத்து மார்க்கர் போட்டிருந்தார்கள், அதுவும் நாளுக்கு இரண்டாக. ஒவ்வொரு முறை பிளாக்கை மைக்ரோடோமில் (மெல்லிதாகச் சீவும் கருவி) மாட்டும்போதும் முகத்தைச் சமன் செய்யவே பல சீவல் வீணாகும். எங்களிடம் வந்தபோது மிஞ்சியது பாரஃபின் மெழுகுதான். அந்த அம்மாவுக்கு மறுபடி குத்த வேண்டியதாயிற்று.

ரத்தச் சோதனை? 2016-இலேயே ஈஜிஎஃப்ஆருக்கு அமெரிக்க அனுமதி வாங்கியது. மாற்றம் இருக்கிறது என்று வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தால் நம்பி உட்காரக் கூடாது, கட்டி ரத்தத்தில் டிஎன்ஏவைச் சிந்தாமலும் இருந்திருக்கலாம். மாத்திரை கேட்காமல் போன பின் சிலருக்குக் கட்டி சிறுசெல் புற்றாகவே மாறிவிடும். அதை உறுதிசெய்யச் சதைதான் வேண்டும்.

என்னைக் கேட்டால், நெறிக்கட்டி வீங்கியிருந்தால் முதலில் ஈபஸ். ஓரத்தில் கட்டி மட்டும் என்றால் சி.டி. ரத்தம் கூடவே போகட்டும், பதிலாக வேண்டாம். அப்புறம், படிவத்தில் "ஜீன் சோதனைக்கும்" என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள் டாக்டர். அதைப் பார்த்தால் முதல் முறை மாட்டும்போதே சாயம் போடாத சீவல் பத்து வெட்டித் தனியே எடுத்து வைத்துவிடுவேன்.