செங்கோட்டைப் பக்கம் இன்டீரியர் செய்கிறவர்கள் கவனத்துக்கு: 3டி படத்து வெயிலை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் 'கேரளா ஸ்டைல்' இன்டீரியருக்கு ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்களுக்குச் செய்தவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். பெயர் போடவில்லை.

லேப்டாப்பில் அவர் காட்டிய 3டி படத்தில் ஹால் முழுக்க இளவெயில். "மார்னிங் வியூ சார், ஃபுல் நேச்சுரல் லைட்" என்றார். கொட்டேஷனிலும் அப்படியே இருக்கிறது. எங்கள் ஹாலில் ஜன்னல் இருப்பது வடக்கிலும் மேற்கிலும். படத்தில் மேற்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் விழுகிறது! அந்த மென்பொருளில் சூரியனை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம். வரைபடத்தில் திசைக் குறியே இல்லை. அளவெடுக்க ஆள் வந்ததும் விளக்கு வைத்த பிறகுதான்.

நாள் முழுக்கக் கண் கூசாத வெளிச்சம் தருவது வடக்கு ஜன்னல். அதில் பாதியை மறைத்து டிவி யூனிட் அடித்துவிட்டார்கள். மேற்கிலோ திரைக்குக்கூட இடம் விடவில்லை. சாயங்கால வெயில் நேராக டிவியில் அடிக்கிறது, அந்த வெயில் படும் ஷெல்பில் எட்ஜ் பேண்ட் (பலகை ஓரத்தில் ஒட்டும் பட்டை) பிரிந்து நிற்கிறது.

சமையலறைதான் கொடுமை. ஜன்னலின் இரு பக்கமும் மேல் கேபினட், எல்லாம் அடர் வால்நட் நிற லேமினேட். விழுகிற வெளிச்சத்தில் கால் பங்கைக்கூட அது திருப்பித் தராது. ஜூன், ஜூலையில் சாரல் பிடித்து மலையில் மேகம் இறங்கினால், பகல் பதினொரு மணிக்கு அரிசியில் கல் பொறுக்க லைட் போட வேண்டியிருக்கிறது. ஆச்சி வீட்டு அடுக்களையில் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதுவே இதற்குத் தேவலை.

கேட்டால், "இன்னும் நாலு ஸ்பாட் லைட் போட்டுடலாம் சார்" என்கிறார். அதற்குத் தனி பில். ஜன்னலை அடைத்ததும் அவர், விளக்கு விற்பதும் அவர்.

ஆள் பேச வந்தால் முதலில் பகலில் வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வடக்கு எது என்று கேளுங்கள், முழிக்கிறாரா பாருங்கள். நம்மைப் போன்ற ஈர வெப்பப் பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. அலமாரி வந்தபின் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை எழுதி வாங்குங்கள்.

நான் மீதிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். கொட்டேஷன், 3டி படம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கே போகப் போகிறேன். இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.