பாட்டே வராத சிவாஜி படம்: கோயில் மண்டபத்தில் 'அந்த நாள்'

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் 'அந்த நாள்' போட்டார்கள். எங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் "சிவாஜி படம்" என்று சொன்னால் போதும், அம்மாமார்கள் கைக்குட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். நாலு பாட்டு, ஒரு நீள வசனம், நல்லா ஒரு அழுகை, அப்புறம் வீட்டுக்கு. இந்தப் படத்திலோ எடுத்த எடுப்பிலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். முக்கால் மணி நேரம் போனதும் பின்னால் இருந்த பெரியம்மா என் தோளைத் தட்டி, "என்னா தம்பி, இன்னும் பாட்டே வரல?" என்றார். கடைசி வரைக்கும் வராது பெரியம்மா என்றேன். கொஞ்ச நேரத்தில் பாதி நாற்காலி காலி.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1954இல் படம் வெளியானபோதே ஜனங்கள் இதே ஏமாற்றத்தோடுதான் வெளியே போனார்கள், முதல் சுற்றில் சரியாக ஓடவில்லை. பாட்டு, நடனம், சண்டை ஒன்றுமே இல்லாத தமிழ்ப் படம் அன்றைக்கு யார் கண்டது? இத்தனைக்கும் இயக்கிய எஸ். பாலசந்தர் பெரிய வீணை வித்வான். அந்த மனுஷனே பாட்டு வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கிறார், அதை ஏவி.எம்மும் ஒத்துக்கொண்டிருக்கிறது.

கதை சின்னது. 1943, சென்னை மேல் ஜப்பான் குண்டு விழுந்த சமயம், ராஜன் (சிவாஜி) என்கிற ரேடியோ எஞ்சினியர் வீட்டில் பிணமாகக் கிடக்கிறார், சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்ல, தம்பி வேறொன்று சொல்ல, ஆளுக்கு ஆள் இன்னொருவர் மேல் கைகாட்ட, ராஜனும் ஆளுக்கு ஆள் வேறு மனுஷனாக மாறிக்கொண்டே போகிறார். எனக்குப் பிடித்தது அந்த வீடுதான். மாருதி ராவின் கேமரா வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாகத்தான் விடுகிறது. முகத்தில் பாதி இருட்டு, அந்த இருட்டுப் பாதியில்தான் பொய் இருக்கிறதோ என்று நாம் தேட ஆரம்பித்துவிடுகிறோம். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்துத் தகரக் கூரையில் சடசடவென்று அடித்ததில் நாலைந்து வசனம் போயே போய்விட்டது, ஆனாலும் ராஜனின் மனைவியாக வரும் பண்டரிபாயின் முகத்தைப் பார்த்தே அந்தக் காட்சி புரிந்தது. சிவாஜி இதில் கத்தவே இல்லை. சிரித்துக்கொண்டே பேசுகிற அவரை எந்த இடத்தில் நம்புவது என்றுதான் தெரியவில்லை.

குறையும் உண்டு. கல்லூரிக் காதல் பகுதி இழுக்கிறது, அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் (வசனமும் அவர்தான்) சில இடங்களில் நமக்கே புரிந்ததைத் திரும்பச் சொல்கிறார்.

யார் சுட்டது, ஏன் சுட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்துக் கதைகளை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முடிவு வேறு மாதிரி இறங்கும். படத்தில் வரும் அதே 1943இல்தான் நம் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஆட்கள் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போய்த் திரும்பாதவர். சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது ஒரு திருப்பம், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடமும் கையில் இருந்த தே ஓ (பால் விடாத தேநீர்) ஆறிப்போனதே தெரியவில்லை.

யூடியூபில் தேடிப் பாருங்கள், ஆனால் கைப்பேசியில் வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டு டிவியில் பாருங்கள். பாட்டு எங்கே என்று கேட்ட பெரியம்மா மட்டும் எழுந்து போகவில்லை. படம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார். பொய்தான், நடுவில் மூன்று பேரைச் சந்தேகப்பட்டார், நானே காதால் கேட்டேன்.