வெள்ளம் வடிந்த கட்டடத்தை உலர்த்தித் தரும் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது

கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் கடையோ களஞ்சியமோ வைத்திருப்பவர்களுக்குக் களனி கங்கை பெருகுவது புதிதல்ல. 2016 மே மாத வெள்ளத்தை அங்கே யாரும் மறக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் யன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, சேறு கழுவி, பெயின்ற் அடிப்பதுதான் வழக்கம். அந்தப் பெயின்ற் சில வாரங்களிலேயே கொப்பளித்து உரிந்துவிடும். இதற்கு மாற்றாக, நீரை இறைத்து, சுத்தம் செய்து, மெஷின் வைத்து உலர்த்தி ஒப்படைக்கும் சேவை கொழும்பில் கிடைக்கிறது. கீழே துணிக்கடை, மேலே அலுவலகம், அடியில் வாகனத் தரிப்பிடம் உள்ள ஒரு கட்டடத்தில் ஒரு நிறுவனம் செய்த வேலையை வைத்து இதை எழுதுகிறோம். உலர்த்தும் வேலைக்குத் தாராளமாகக் கூப்பிடலாம். மின்சார வேலையை மட்டும் அவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

மெஷின் ஏன் தேவை? கொழும்புக் காற்று 28 பாகையில், 80 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும்போது ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி ஏற்கெனவே இருக்கிறது. அது ஏந்தக்கூடியதே 27 கிராம்தான். யன்னலைத் திறந்தால் சுவரிலுள்ள ஈரத்துக்குப் போக இடமில்லை. மழை நாளில் வெளியிலிருந்து ஈரம் உள்ளேதான் வரும். பூஞ்சணமோ 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் பிடிக்கத் தொடங்கிவிடும். அறையை மூடி, டீஹியுமிடிஃபயர் (காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீராக்கும் மெஷின்) வைத்து, ஈரப்பதத்தை 45 சதவீதத்துக்கு இறக்கினால்தான் சுவர் ஈரத்தை விடும்.

இந்தக் குழு அதைச் சரியாகச் செய்தது. ஷட்டருக்கு உள்பக்கம் பாலித்தீன் ஒட்டினார்கள். சுவரோரம் 3 முதல் 4 மீற்றருக்கு ஒன்றாக ஊதுவிசிறிகளைச் சாய்வாக வைத்தார்கள். மெஷினிலிருந்து வரும் நீரை வாளியில் பிடிக்காமல், குழாய் போட்டுக் கழிவுக் கானுக்கு விட்டார்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வாளி நள்ளிரவில் நிரம்பினால் மிதவை மெஷினை நிறுத்திவிடும், விடியும்வரை அறை மறுபடி ஈரம் ஏறும். இன்னொன்று: ஸ்டிக்கரில் ‘நாளுக்கு 50 லீற்றர்’ என்று இருந்தால், அது பெரும்பாலும் 30 பாகை, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்த கணக்கு. அறை காயக் காய வெளிவரும் நீர் குறைவது இயல்பு, மெஷின் பழுதென்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஏசியைப் போட்டு அறையைக் குளிராக்குவதும் கூடாது. சுவர் குளிர்ந்தால் ஈரம் வெளியேறுவது மந்தமாகும்.

இந்தச் சேவையில் உண்மையில் காசு பெறுமதியானது தினசரி அளவீட்டுத் தாள்தான். ஒவ்வொரு சுவரிலும் தரையிலிருந்து 10, 30, 60, 100 செ.மீ. உயரத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, தினமும் அதே புள்ளிகளில் ஈரம் அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்தார்கள். நனையாத மேல்மாடிச் சுவரில் எடுத்த அளவுதான் இலக்கு. மரக் கதவுச் சட்டத்துக்கு 16 சதவீதத்துக்குக் கீழ். சீமெந்துப் பூச்சில் வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தில் ஊசி மீற்றர் பொய் சொல்லும். உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் காய்ந்த சுவரும் ஈரமாகக் காட்டும். அதனால் உப்பைச் சுரண்டிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். தரைக்கு 45 செ.மீ. சதுரப் பாலித்தீனை நாலு பக்கமும் ஒட்டி 16 மணித்தியாலம் விட்டால் போதும். அடியில் நீர்த்துளி நின்றால் கொங்கிரீற் இன்னும் காயவில்லை.

பிழைகளும் உண்டு. சேற்றைக் கழுவிக் கிருமி நீக்குவதற்கு முன்பே முதல் நாளில் ஊதுவிசிறியைப் போட்டார்கள். அந்த வெள்ளத்தில் மலசலக் குழி நீரும் கலந்திருந்தது. அதைக் காற்றில் கிளப்பிவிடுவது பெரிய தவறு. கழுவுதல், கிருமிநீக்கம், அதற்குப் பிறகே விசிறி. வேலையாட்களுக்கு பூட்ஸும் கையுறையும் கட்டாயம். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) கேட்டுவிட வேண்டும். ஜிப்சம் தடுப்புகளையும் கறை தெரிந்த கோட்டோடு வெட்டினார்கள். ஜிப்சம் நீரை மேலே இழுக்கும். மீற்றர் காட்டும் ஈரக் கோட்டுக்கு மேல் 30 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும், உள்ளே பஞ்சு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். வீங்கிய எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) அலுமாரிகளைக் காப்பாற்ற நினைப்பது வீண் செலவு.

நிலத்தடித் தரிப்பிடத்தில் அவர்கள் காட்டிய பொறுமை பாராட்டுக்குரியது. கடைக்காரர் அவசரப்படுத்தியும் ஒரே நாளில் இறைக்கவில்லை. வெளியே மண் ஊறிக் கிடக்கையில் உள்ளே நீரை வெறுமையாக்கினால், வெளி அழுத்தம் சுவரை உள்ளே தள்ளும், தரையைப் பிளக்கும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்து, மட்டத்தைச் சுவரில் குறித்து, இரவில் மீண்டும் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஏறினால் நிறுத்தத்தான் வேண்டும். நீரில் டீசல் மிதந்தால் அதைக் கானுக்கு இறைக்காமல் தனியாக எடுக்க வேண்டும். பம்பிக்குரிய ஜெனரேற்றரைக் கட்டடத்துக்கு வெளியே, கதவு யன்னலிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.

மின்சாரத்தில்தான் கடும் அதிருப்தி. நீரில் மூழ்கிய ட்ரிப் சுவிச்சையும் பிரேக்கர்களையும் சூடான காற்றில் காயவைத்து மறுபடி பொருத்தப் பார்த்தார்கள். உள்ளே படிந்த சேறும் துருவும் தெரியாது. ஆபத்து வரும் நேரத்தில் அது விழாமல் இருந்துவிட்டால் உயிர் போகும். மூழ்கியவை அனைத்தும் புதிதாக வர வேண்டும். வயர்களைத் தகுதியுள்ள மின்னியலாளர் 500 வோல்ற்றில் சோதித்து, மின் கசியாமல் தடுக்கும் காப்புத் தடை குறைந்தது 1 மெகாஓம் வந்தால் மட்டுமே கரண்ட் கொடுக்கலாம். லிஃப்ட் குழிக்குள் நீர் போயிருந்தால் அதன் பராமரிப்பு நிறுவனம் பார்க்கும்வரை லிஃப்டைத் தொடக்கூடாது.

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி அவர்கள் பொதியில் இல்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முழுக்க வெளியேற்றித் தேய்த்துக் கழுவி, லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் சேர்த்து 12 மணித்தியாலம் விட வேண்டும். 30 சதவீதக் குளோரின் உள்ள டி.சி.எல். (பிளீச்சிங்) தூளானால் 1,000 லீற்றருக்கு ஏறத்தாழ 170 கிராம். அந்த நீரைக் குடிக்காமல் வெளியேற்றிய பிறகே புது நீர் நிரப்பலாம்.

ஒப்பந்தத்தை நாள் கணக்கில் எழுத வேண்டாம். மெஷின் நாட்களுக்கென்று எழுதினால் மெஷின் நாட்கள்தான் கிடைக்கும். மேல்மாடி அளவை எட்டியதும் இறுதித் தவணை என்று எழுதுங்கள். நீர்க்கோடு தெரியும் படங்களை ஒரு சுவரையும் கழுவுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். அளவீட்டுத் தாளின் பிரதியோடு அவற்றைக் காப்புறுதி மதிப்பீட்டாளரிடம் கொடுக்கலாம். தீக் காப்புறுதியில் வெள்ளம் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள். களனி கங்கையின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 4 அடிக்கு வரும்போதே கீழ்த்தட்டுச் சரக்கு மாடிக்குப் போயிருக்க வேண்டும்.