ஒரு வீட்ல எத்தனை பேரு, தனியா எத்தனை மணி நேரம்? 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' சைட் ரிவ்யூ

குடும்பம் சுருங்கிட்டே போகுது, எல்லாரும் தனிமையாகிட்டோம்னு பேசுறவங்க நிறைய, ஆனா எவ்ளோ சுருங்கிச்சுனு கேட்டா பதில் வராது. அந்த மாதிரி நேரத்துல நான் கை காட்டுறது, உலக நாடுகளோட புள்ளிவிவரங்களை கிராஃபா போட்டு விளக்குற 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' (Our World in Data) சைட்தான். ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டில மேக்ஸ் ரோசர் ஆரம்பிச்சது, 2014லேருந்து ஓடுது. லாகின் தேவையில்ல, எல்லாமே இலவசம், கிராஃபையும் எடுத்துக்கலாம், அதுக்குப் பின்னாடி இருக்குற டேட்டாவையும் டவுன்லோட் பண்ணிக்கலாம்.

முதல்ல குழந்தை எண்ணிக்கை பக்கம். 1950கள்ல ஒரு பெண்ணுக்கு உலக சராசரி கிட்டத்தட்ட 5 குழந்தை, இப்போ 2.3 பக்கம் வந்துடுச்சு. தென் கொரியா 2023ல 0.72, நைஜர்ல இன்னும் 6 கிட்ட. பெண்கள் படிச்சது, சின்ன வயசுலயே குழந்தைங்க இறந்துபோறது குறைஞ்சதுனு காரணத்தையும் பொறுமையா விளக்கியிருக்காங்க. நல்லா இருக்கு.

ஒரு வீட்ல எத்தனை பேருங்கிறதுதான் நிறைய பேர் தப்பா படிக்கிற இடம், அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன். ஐநா டேட்டா படி ஸ்வீடன்ல ஒரு வீட்டுக்கு சுமார் 2 பேரு, செனகல்ல 8 பேருக்கு மேல. ஆனா ப்யூ ரிசர்ச் சென்டர்ங்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 130 நாடுகளை வச்சு, உலகத்துல ஒரு சராசரி மனுஷன் 4.9 பேர் இருக்குற வீட்ல வாழுறார்னு சொன்னது, அது வேற கணக்கு. ரெண்டே வீடுனு வச்சுக்கோங்க, ஒண்ணுல 1 ஆளு, இன்னொண்ணுல 9 பேரு. வீட்டுக்கு சராசரி 5 வரும். அந்தப் பத்து பேரையும் தனித்தனியா கூப்பிட்டு உங்க வீட்ல எத்தனை பேருனு கேட்டு சராசரி எடுத்தா 8.2 வரும், ஏன்னா ஒன்பது பேர் 9னு சொல்லுவாங்க. ரெண்டு நம்பரும் சரிதான், ஆனா ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடவே கூடாது. சைட்ல இந்த விளக்கத்தை கிராஃப் பக்கத்துலயே பெருசா போட்டிருக்கலாம். இன்னொரு குறை, ஒவ்வொரு நாட்டோட சென்ஸஸும் சர்வேயும் வேற வேற வருஷம், அந்த விவரம் பொடி எழுத்துல கீழ கிடக்கு, மொபைல்ல பாக்குறவங்க கண்ணுல படாது.

ஆனா இந்த சைட்டை நான் மனசார சிபாரிசு பண்றதுக்குக் காரணம் வேற. வாழ்க்கை முழுக்க நாம யார்கூட நேரம் செலவழிக்கிறோம்னு ஒரு கிராஃப் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் கோடு டீன் ஏஜ் முடியுறப்போ உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கிடுது, குழந்தைங்க கோடு முப்பதுகள்ல மேல ஏறி அப்புறம் விழுது, கூட வேலை செய்றவங்க கோடு அறுபதோட அடங்கிடுது, 'தனியா'ங்கிற கோடு மட்டும் நாப்பதுக்கு அப்புறம் ஏறிக்கிட்டே போகுது. இது அமெரிக்க சர்வே மட்டும்தான், கூட்டுக் குடும்பம் அதிகமா இருக்குற நாடுகள்ல இதே வடிவம் வரும்னு எடுத்துக்காதீங்க. அறுபது வயசு தாண்டினவங்கள்ல அமெரிக்கால 27 சதவீதம் பேர் தனியா வாழுறாங்க, ப்யூவோட அந்த 130 நாட்டு சராசரி 16 சதவீதம்தான். தூங்குற நேரமும் குளிச்சு கிளம்புற நேரமும் அந்த 'யார்கூட நேரம்' கிராஃப் கணக்குல வராது, அப்படி இருந்தும் அங்க வயசானவங்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் போல தனியாதான் போகுது.

இதைப் பாத்து பயப்படத் தேவையில்லங்க. தனியா இருக்குறது வேற, தனிமையா உணர்றது வேறனு அந்த சைட்லயே தனியா ஒரு கட்டுரை இருக்கு, தனியா வாழுறவங்க அதிகமா இருக்குற நாடுகள்ல தனிமை உணர்வும் அதிகம்னு ஒண்ணும் இல்லனு டேட்டாவோட காட்டுறாங்க. ஸ்வீடன், நார்வேல கிட்டத்தட்ட பாதி வீடு ஒத்தை ஆள் வீடு, ஆனா கஷ்டம்னு வந்தா கை கொடுக்க ஆள் இருக்குனு சொல்றவங்க அங்க ரொம்பவே அதிகம். எனக்கு இதுதான் பெரிய விஷயமா பட்டுச்சு. எப்படியும் வரப்போற நேரம், அதை என்ன பண்ணப் போறோம்னு முப்பது நாப்பதுலயே பழகிக்கணும். தனியா உக்காந்து படிக்க, கையால ஏதாவது செய்ய, தனியா நடந்துட்டு வர, இதெல்லாம் வேலைய விட்ட மறுநாள் திடீர்னு வந்துடாது. அதோட இறங்குற அந்த ஃப்ரெண்ட்ஸ் கோடையும் சும்மா விட்ராதீங்க, தனியா இருக்குற நேரம் இனிக்கணும்னா கூப்பிட்டா வர ரெண்டு பேராவது இருக்கணும்.

தமிழ்ல இல்லங்கிறது பெரிய குறை, இங்கிலீஷ் படிக்க வராத அப்பா அம்மாவுக்கு நாமதான் உக்காந்து காட்டணும். முதல் தடவை போறவங்க குழந்தை எண்ணிக்கைல ஆரம்பிக்காம நேரா அந்த 'யார்கூட நேரம்' கிராஃபுக்குப் போங்க, உங்க வயசுல விரலை வச்சு அங்கேருந்து வலது பக்கமா படிச்சுப் பாருங்க.