555 புத்தகமா, பெட்டகச் செயலியா?

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இப்போது பெயர்ப்பலகைகளில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும் எங்கள் ஊரில், 555 புத்தகத்தைத் தெரியாத தோட்டத்துக் குடும்பம் இருக்காது. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. சில்லறைக் கடையில் அரிசி, மஞ்சள்தூள் வாங்கிய கடனெல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் ஏறும். இப்போது எங்கள் வீட்டில் அதே நோட்டில் கடவுச்சொற்கள் ஏறியிருக்கின்றன. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), வங்கி, மின்கட்டணம், என் வருமான வரிக் கணக்கு எல்லாமே அம்மாவின் கையெழுத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடியில்.

போன வருடம் நான் அதை விட்டு பிட்வார்டன் என்ற, கடவுச்சொற்களையெல்லாம் பூட்டி வைக்கும் பெட்டகச் செயலிக்கு மாறினேன். நடுவில் சில மாதம் குரோம் உலாவியிலேயே சேமித்துப் பார்த்தேன். பிட்வார்டன் பக்கம்தான் சாய்ந்து எழுதப்போகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நோட்டைக் கேலி செய்ய மாட்டேன். கணினிப் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையரே 2005இல், நல்ல கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியவர். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடன் எங்கள் டிவிக்கு அடியில் கைவிட முடியாது. பேட்டரி தீராது, மாதச் சந்தாவும் இல்லை.

நோட்டின் தொல்லை, எழுதுகிற கையின் சோம்பல். இருபது எழுத்தை யார் எழுதி, யார் திரும்பப் பார்த்துத் தட்டுவது? அம்மாவின் நோட்டில் ஒன்பது கணக்குக்கு இரண்டே கடவுச்சொல், இரண்டிலும் என் பிறந்த வருடம். ஓர் இடத்தில் கசிந்தால் அதையே மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். கசிவு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 2017இல் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைபேசி எண்களின் விவரங்கள் வெளியே வந்தன. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்! அவை கடவுச்சொற்கள் இல்லைதான். ஆனாலும் போலிக் குறுஞ்செய்தி அனுப்புகிறவனுக்கு அந்த எண்கள் போதும்.

அப்படி ஒன்று எனக்கும் வந்தது. தீபாவளிக்குத் துணி ஆர்டர் செய்து காத்திருந்த நேரம். பார்சல் நிற்கிறது, ஒரு வெள்ளி ஐம்பது காசு கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி. இணைப்பைத் தட்டினேன், வங்கியைத் தேர்ந்தெடுத்தேன், என் வங்கிப் பக்கம் அச்சு அசலாகத் திறந்தது. "அம்மா, அந்த நோட்டைக் குடுங்க" என்று வாங்கிப் பயனர் பெயரைத் தட்டினேன். வழக்கமாக அடுத்த திரையில் நான் முன்பே தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் படம் வரும். அந்த இடம் காலி. அப்போதுதான் மேலே முகவரியைப் பார்த்தேன். வங்கியின் பெயரில் ஆங்கில எல் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் எண் 1.

எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு விஷயம்தான். நோட்டு, படிக்கிறவன் கண்ணை நம்பியிருக்கிறது. வேலை முடிந்து வந்த களைப்பில், சின்னத் திரையில், என் கண் ஏமாந்துவிட்டது. பெட்டகச் செயலி பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை. கடவுச்சொல்லைச் சேமிக்கும்போதே எந்த முகவரிக்கானது என்பதையும் குறித்துக்கொள்கிறது. திறந்திருக்கும் பக்கத்தின் முகவரி அதோடு பொருந்தினால்தான் நிரப்பட்டுமா என்று கேட்கும். எல்லுக்குப் பதில் 1 என்றால் அதற்கு அது வேறு ஊர். மாறிய பிறகு இதேபோல் இன்னொரு குறுஞ்செய்தி வந்து, பாதித் தூக்கத்தில் அதையும் தட்டினேன் (திருந்தாத ஜென்மம்). பிட்வார்டன் வாயே திறக்கவில்லை. எப்போதும் எட்டிப்பார்க்கிற பெயர் வராததே எனக்கு எச்சரிக்கை ஆயிற்று. அந்த நேரத்தில் பெட்டகத்துக்குள் தேடிப் போய்க் கடவுச்சொல்லைக் கையால் நகலெடுத்து ஒட்டினால் இந்தப் பாதுகாப்பெல்லாம் போச்சு. அது நம் கையில்தான் இருக்கிறது.

சரி, இதை குரோமும் செய்கிறதே? செய்கிறது. ஒரே கைபேசி, திரைப்பூட்டு, வேறு யாரும் தொடமாட்டார்கள் என்றால் குரோமே போதும் என்பேன். எங்கள் வீட்டு மடிக்கணினியில் தங்கை மகன் திருட்டு விளையாட்டுகளை இறக்குகிறான். அப்படி இறக்குவதோடு ஒட்டிவரும் தீநிரல்களில் ஒரு வகைக்கு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை வாரிக்கொண்டு போவதே வேலை. பெட்டகம் பூட்டியிருந்தால் அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது. திறந்திருக்கும்போது அப்படிப்பட்ட கணினியில் எதுவும் பத்திரமில்லை, பிட்வார்டன் உள்பட. அதனால் பையனுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தேன்.

பிட்வார்டனின் இலவசக் கணக்கிலேயே எத்தனை கருவியிலும் எத்தனை கடவுச்சொல்லும் வைக்கலாம். கீபாஸ் என்று இன்னொன்று உண்டு, கோப்பு நம்மிடமே இருக்கும். இரண்டு வாரம்தான் பார்த்தேன், கைபேசிக்கும் கணினிக்கும் கோப்பை மாற்றி மாற்றி அனுப்பச் சலிப்பாகிவிட்டது. பொறுமைசாலிகள் வேறு தீர்ப்புச் சொல்லக்கூடும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிற பயம் நியாயமானது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பெட்டகச் செயலி நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல்களே திருடுபோயின. அப்படிப்பட்ட நாளில் காப்பது, பெட்டகத்தையே திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லின் நீளம்தான். நான் பழைய செய்தித்தாளைக் கண்ணை மூடித் தொட்டு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களை எடுத்தேன்.

நான் பயன்படுத்தும் ஒரு வங்கிச் செயலியில் தானாக நிரப்புதல் வேலை செய்வதில்லை. யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நிறுவிவிட்டால் பெட்டகமும் உதவாது, குறுஞ்செய்தியில் டிஏசி எண் (வங்கி அனுப்பும் ஒப்புதல் எண்) வந்தால் அந்தத் திருட்டுச் செயலியே படித்துவிடும். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கு அழைப்பதுதான் வழி.

அம்மாவை மாற்றவில்லை. "எனக்கு அந்தப் பொட்டியெல்லாம் வேணாம்யா" என்றுவிட்டார். கடவுச்சொற்களை மட்டும் நீளமாக, வேறு வேறாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று. முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் பிட்வார்டன் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. எனக்கு ஏதாவது ஆனால் வீட்டாருக்கும் வழி வேண்டும். அந்த ஐந்து சொற்களை ஒரு புது 555இல் எழுதி, வீட்டு கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இருக்கும் இரும்பு அலமாரியில், அம்மா சாவியில் பூட்டி வைத்திருக்கிறேன்.